பிலார் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை

என் அருள் அண்ணிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வாசல் கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தேன். மூலையை வெட்டி, பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பில் வைக்கும்போது வாய் தானாகவே சொன்னது: "லா போங்கோ அகீ." அதை இங்கே வைக்கிறேன். சொல்லிவிட்டு உங்கள் பக்கம் திரும்பினேன். உங்கள் பக்கம் என்றால், சிங்க்குக்கும் ஜன்னலுக்கும் நடுவே நீங்கள் சாய்ந்து நிற்கும் அந்த இடம்.

முதல் காபி முடியும்வரை சமையலறையில் ஸ்பானிஷ் மட்டும்தான் என்று சட்டம் போட்டவர் நீங்கள். தினமும் அதை முதலில் மீறுகிறவரும் நீங்கள்தான். "பால் பொம்பளையாம், தயிர் ஆம்பளையாம். பால்லேர்ந்து வந்ததுதானேடி தயிரு, நடுவுல எப்படி மாறுச்சு?" என்று தமிழில் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்வீர்கள். "பாலைச் சொன்னா லா, தயிரைச் சொன்னா லோ, அவ்வளவுதான் அண்ணி" என்பேன். ஹாலிலிருந்து அண்ணன் குரல் கொடுப்பார். "யாரைம்மா ரெண்டு பேரும் போங்கோ போங்கோன்னு வெரட்டறீங்க? பேப்பர் படிச்சிட்டுதான் நான் எழுந்திருப்பேன்."

இப்போது அண்ணன் அப்படி எதுவும் கேட்பதில்லை. பேப்பரைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உங்களைக் கல்லறையில் விட்டுவிட்டு வந்த பிறகு ஒரு மழைக்காலம் முழுதாகக் கடந்துவிட்டது. சிலுவையில் உங்கள் பெயரை எழுதியாகிவிட்டது. முப்பதாம் நாள் பூசைக்கு விவேக் நகரில் பாதித் தெரு வந்தது. உங்கள் பழைய ஆபீசில் உங்களோடு டெலிஃபோன் ஆபரேட்டராக இருந்தவர்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். மர்பி டவுனிலிருந்து உங்கள் சித்தப்பா மக்கள் வந்தார்கள். யாருக்கும் சொல்லாமல் விடவில்லை, அண்ணி.

பிலார் அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.

ரோஷன் கல்யாணத்தன்று நீங்களும் அவரும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போட்டோ ஹாலில்தான் இருக்கிறது. ரோஷனைப் பெற்றவளும் எலேனாவைப் பெற்றவளும். இரண்டு பேருக்கும் வாய் நிறையச் சிரிப்பு, ஒரு வார்த்தை பேச்சில்லை. எலேனாவுக்கும் ரோஷனுக்கும் வந்தவர்களைக் கவனிக்கவே நேரம் போதவில்லை, மொழிபெயர்க்க ஆளில்லை. மறுநாள் காலை நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்: "கடல் தாண்டி ஒரு சம்பந்தி வந்து பக்கத்துல உக்காந்திருக்கா. காபிக்குச் சக்கரை போதுமான்னு கேக்கத் தெரியல எனக்கு. முப்பது வருஷம் ஃபோன்ல பேசியே சம்பளம் வாங்கினவ நான். அசிங்கமா இல்ல?"

அப்படித்தான் சனிக்கிழமை ஆன்லைன் வகுப்பில் நாம் சேர்ந்தோம். "எனக்குத் துணைக்கு வாடி, நீ படிச்சவ" என்று என்னையும் இழுத்துக்கொண்டீர்கள். ஹெப்பகோடி ஆபீசில் வாரம் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு வருகிற எனக்கு சனிக்கிழமை தூக்கம்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் சேர்ந்தேன். நாத்தனாரும் அண்ணியும் ஒரே மேஜையில் ஒரே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வேடிக்கை பார்க்க மாடி வீட்டு கௌரம்மா ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவார்.

பெயர், வயது, ஊர் எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டன. லோ, லா, லே என்ற இடத்தில்தான் நாம் நின்றுபோனோம். ‘நான் மரியாவுக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறேன்’ என்பார் டீச்சர். புத்தகத்தை என்பதற்குப் பதில் லோ போடுங்கள், மரியாவுக்கு என்பதற்குப் பதில் லே போடுங்கள். "யாரு அந்த மரியா? வாரா வாரம் அவளுக்கே புத்தகம் போகுது. ஒரு நாளாவது திருப்பிக் குடுத்தாளா?" என்று நீங்கள் மைக்கை அணைக்காமலே கேட்டுவிட்டீர்கள்.

அடுத்த பாடம் இன்னும் மோசம். லேயும் லோவும் சேர்ந்து வந்தால் பக்கத்தில் நிற்கக்கூடாது, லே தன்னை சே என்று மாற்றிக்கொள்ளும் என்றார் டீச்சர். "ஏன், அதுங்களும் நாத்தனார் அண்ணியா?" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் டீச்சருக்குப் பாடம் மறந்துவிட்டது.

அதை உங்களுக்குப் புரியவைக்க நான் வரைபடம் எல்லாம் போட்டேன். அம்புக்குறி, கட்டம், கலர் பேனா. நீங்கள் அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "இரு. என் போர்டுல போட்டுப் பாக்கறேன். ஒருத்தன் லைன்ல வந்து மேனேஜரைக் குடுன்னு கேக்கறான். குடுக்கறது யாரை? மேனேஜரை. அது லோ. குடுக்கறது யாருக்கு? லைன்ல இருக்கறவனுக்கு. அது லே. அவ்வளவுதானே?" அவ்வளவுதான். அதன் பிறகு இதில் நீங்கள் குழம்பியதாக எனக்கு நினைவில்லை. வரிசைதான் உங்களுக்குக் கடைசிவரை வழுக்கியது. எது முன்னால், எது பின்னால்.

இன்னொன்றும் வழுக்கியது. அதில் உங்களைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது, நம் எல்லோருக்குமே அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு ரோஷனிடம் குல்குல்ஸும் அச்சுமுறுக்கும் கொடுத்தனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வழக்கமான வீடியோ காலில் பிலார் அம்மாவிடம் "அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னீர்கள். எதை, என்று கேட்டார் அவர். யாருக்கு, என்று கேட்டார். போனை வைத்துவிட்டு என்னிடம் பொரிந்து தள்ளினீர்கள். "அனுப்பிட்டேன்னா அனுப்பிட்டேன். என்னத்தை, யாருக்குன்னு அதுக்கு மேல ஒரு விளக்கமா? வாங்கப்போறவளுக்குத் தெரியாதா?" அடுத்த வாரம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைச் சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தீர்கள். தோசை திருப்பும்போது, தேங்காய் துருவும்போது. ஞாயிறன்று போனை நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "தே லோஸ் மந்தே." உனக்கு அவற்றை அனுப்பினேன். பிலார் அம்மா கை தட்டினார். நீங்கள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

அந்தக் கைதட்டலை நான் கேமராவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டேன். எப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தடுமாறினால் "லா இல்ல அண்ணி, லோ" என்று கிசுகிசுப்பேன். பிலார் அம்மா எனக்குப் பேய் என்று பெயர் வைத்திருந்தார். ‘உன் வீட்டுப் பேய் என்ன சொல்கிறது?’ என்று கேட்பார். வா, வந்து நீயும் பேசு என்று அவர் அழைக்காத வாரம் இல்லை. தப்பில்லாமல் பேச வந்த பிறகு பேசலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். நீங்களோ தப்புத் தப்பாகப் பேசியே அவருடைய முழங்கால் வலி, அவருடைய கணவர் போன கதை, பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குழாய்க்காகப் போட்ட சண்டை எல்லாம் தெரிந்துவைத்திருந்தீர்கள். எனக்கு இலக்கணம் தெரிந்திருந்தது. அவரைத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாவது எனக்குத் திரும்பக் கிடைக்காதா என்று இப்போது இருக்கிறது.

அவர்கள் மொழியில் சம்பந்திக்கு ஒரு சொல் இருக்கிறது என்று அவர் சொன்ன நாளில் நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள். கோன்சுவேக்ரா. "பாத்தியாடி, இங்கிலீஷ்காரனுக்கு இல்லாத மரியாதை இவங்களுக்கு இருக்கு" என்று தெருவெல்லாம் சொன்னீர்கள். பால் பூத்காரரிடம் கன்னடத்திலும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு அவர் உங்களைச் "சம்பந்தி" என்றும் நீங்கள் அவரைக் "கோன்சுவேக்ரா" என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டீர்கள்.

போனை வைக்கும்போது மட்டும் நீங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்த எதையும் சொல்லவில்லை. "போறேன்னு எப்படிடி சொல்றது, வாய் கூசாது?" என்று நம் வழக்கத்தை அப்படியே தூக்கி அந்த மொழியில் வைத்தீர்கள். வோய் இ வுவேல்வோ. போய்விட்டு வருகிறேன். முதல் தடவை பிலார் அம்மா பதறிப்போய், ‘எங்கே போகிறாய், நான் லைனில் காத்திருக்கட்டுமா’ என்று கேட்டார். நான் கிசுகிசுத்து, நீங்கள் விளக்கி, அவருக்குப் புரிவதற்குள் காபி ஆறிவிட்டது. பிறகு அவரும் அப்படியே சொல்லத் தொடங்கினார். சராகோசா பக்கத்திலிருக்கும் தன் சின்ன ஊரில் அக்காவிடம் விடைபெறும்போதும் அதைத்தான் சொல்கிறாராம். எலேனா சொல்லிச் சிரித்தாள்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் பிலார் அம்மா கூப்பிட்டார். அந்த வாரம்தான் அவருக்கு இருதய ஆபரேஷன். நீங்கள் ஆஸ்பத்திரி உடுப்பின் மேல் சேலையைப் போர்த்திக்கொண்டீர்கள். "போனைக் கிட்டக்க பிடி, கட்டில் தெரியக்கூடாது" என்றீர்கள். பயப்படாதே, மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன் என்று அவருக்கு நீங்கள் தைரியம் சொன்னீர்கள். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வோய் இ வுவேல்வோ என்றுதான் அன்றைக்கும் முடித்தீர்கள்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: "அவ ஆபரேஷன் முடியட்டும். அப்புறம் நானே சொல்லிக்கறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "யோ சே லோ திகோ. சரியா?" என்று கேட்டீர்கள். நான் அவளுக்கு அதைச் சொல்கிறேன். சரிதான் அண்ணி, என்றேன். திருத்த ஒன்றுமே இல்லை. அதைவிட ஒரு வார்த்தை கூடுதலாக உங்களிடம் நான் ஏன் சொல்லவில்லை?

அவர் பிழைத்து எழுந்தார். நீங்கள் எழவில்லை.

அடக்கத்துக்கு ரோஷன் தனியாகத்தான் வந்தான். எலேனா தன் அம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாகப் போயிருக்கிறார் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். கல்லறையிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் ரோஷன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தை, இப்போதைக்கு அவங்களுக்குத் தெரிய வேணாம். தையல்கூட ஆறல. அம்மா ஃபோன் உங்ககிட்டயே இருக்கட்டும். கூப்பிட்டா ஏதாவது சொல்லிச் சமாளிங்க." அழுதுகொண்டிருந்த பிள்ளையிடம் நான் சரி என்றேன். அப்போது அது சரியாகவும் இருந்தது.

ஆக, பேய்தான் இப்போது போனை எடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். கேமராவைப் போடாமல் பேசுகிறேன். தூங்குகிறார், கோயிலுக்குப் போயிருக்கிறார், தொண்டை கட்டியிருக்கிறது. சின்னச் சின்ன வாக்கியம், எழுதிவைத்துப் படிப்பதுபோல். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்வார்: "பாசமேலா." அவளை எனக்குக் கொடு. சமையலறையில் கரண்டியைக் கேட்க நாம் சொல்லிப் பழகிய அதே சொல். தோசைக் கரண்டிக்கு நீங்கள் அதைச் சொல்லும்போது உங்கள் கை நீண்டிருக்கும். இவர் கையை என்னால் பார்க்க முடியாது.

அண்ணன் உள்ளே வந்து நிற்பார். "சொல்லிட்டியா?" என்பார். "இல்ல." "ம்." அத்தோடு முடியும்.

இப்போது பிலார் அம்மா நன்றாக இருக்கிறார், அண்ணி. நடக்கிறார், கோயிலுக்குப் போகிறார், பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போகிறார். டாக்டர் பயணம்கூடப் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். போன மாதம் ரோஷனிடம் கேட்டேன்: "இன்னும் எதுக்குப்பா மறைக்கணும்?" அவன் "இவ்வளவு நாள் மறைச்சதை இப்ப எந்த மூஞ்சியோட சொல்றது அத்தை? எலேனாவுக்கு அதான் பயம். கிறிஸ்துமஸ் போகட்டும்" என்றான். அவர் உடம்புக்காக ஆரம்பித்தது, இப்போது நம் முகத்துக்காக நடக்கிறது.

சாவைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு எப்படிக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். உங்கள் அத்தை மகன் இறந்ததை வாட்ஸப்பில் போட்டார்கள் என்று அந்த வீட்டு வாசலை நீங்கள் அப்புறம் மிதிக்கவில்லை. "உறவுன்னு ஒருத்திய வெச்சிருந்தா வாயைத் தொறந்து சொல்லணும். அழறதுக்குக்கூடவா எனக்கு உரிமை இல்ல?" என்றீர்கள். சம்பந்திக்கே சொல்லாமல் நாம் பூசை வைத்தோம், சாப்பாடு போட்டோம், உங்கள் சேலைகளைப் பிரித்துக் கொடுத்தோம்.

போன ஞாயிறு அவர் பாசமேலா என்று கேட்கவில்லை. நான் "தூங்கறாங்க" என்று ஆரம்பித்ததும், வேண்டாம் என்றார். அவர் வீட்டு நாய் குரைப்பது கேட்டது. பிறகு மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "கே லே ஈத்தே?" அவளுக்கு நான் என்ன செய்தேன்?

ஆபரேஷன் நேரத்தில் எரிச்சலில் ஏதாவது சொல்லிவிட்டேனா, அனுப்பிய பலகாரத்துக்குப் பதில் மரியாதை செய்யவில்லை என்று கோபமா, உங்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதே, என்றெல்லாம் கேட்டார். ‘போய்விட்டு வருகிறேன் என்றுதானே சொன்னாள், ஏன் வரவில்லை?’ என்று கேட்டார். அண்ணி, அவர் அழுதார். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக நினைத்து அழுதார். உங்களுக்காக அழவேண்டியவர்.

நாதா, நாதா என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. அதற்குமேல் எனக்கு வரவில்லை. இலக்கணம் தெரிந்தவள்.

இந்த வாரம் ஆபீஸ் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வாக்கியங்களைக் கட்டிப் பார்த்தேன். ‘போய்விட்டார்’ என்று சொல்ல முடியாது. திரும்பி வருவீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘கடவுளிடம் இருக்கிறார்’ என்றால் கோயிலில் இருக்கிறீர்கள் என்று நினைத்தாலும் நினைப்பார், அத்தனை தடவை அதைச் சொல்லியிருக்கிறேன். நேரான சொல் ஒன்றுதான் இருக்கிறது. உங்களைப் பற்றி அதை நான் தமிழிலேயே இன்னும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் ‘தவறிட்டாங்க’ என்றேன், ‘எங்களை விட்டுட்டுப் போயிட்டாங்க’ என்றேன். இந்தக் கடிதத்திலும் இதுவரை எழுதவில்லை, கவனித்தீர்களா?

நாளை ஞாயிறு. ரோஷனிடம் சொல்லவில்லை, எலேனாவிடம் சொல்லவில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிறிஸ்துமஸ் போகட்டும் என்பார்கள். பிலார் அம்மா கூப்பிடும் முன்பே, ‘இன்று நானே கூப்பிடுகிறேன், நீங்கள் சாப்பிட்ட பிறகு’ என்று ஒரு வரி அனுப்புவேன். ஞாயிறு மதியம் அவருடைய அக்கா வந்து கூடச் சாப்பிடுவார், சாயங்காலம்வரை இருப்பார். நம் வழக்கத்தில் சாவு சொல்லப் போகிறவர்கள் அந்த வீட்டில் சாப்பாடு ஆகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். நீங்களே அப்படித்தான் செய்வீர்கள். அதன் பிறகு அவர்களுக்கு எப்போது சோறு இறங்குமோ என்று.

உங்கள் நாற்காலியில் உட்காருவேன். கேமராவைப் போடுவேன். என் முகத்தை அவர் பார்க்கட்டும். முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன், அக்கா பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்பேன். ‘நீங்கள் ஒன்றும் செய்யவில்லை’ என்று அவரிடம் சொல்வேன். ‘உங்கள் ஆபரேஷன் முடியட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன்’ என்று அண்ணி சொல்லியிருந்தார் என்று சொல்வேன். அப்புறம், என் அண்ணி செத்துப்போய்விட்டார் என்று சொல்வேன். எது முன்னால் எது பின்னால் வந்தாலும் சரி, திருத்த கேமராவுக்கு வெளியே யாரும் இல்லை. அவர் அழுது முடிக்கும்வரை போனை வைக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

போய்விட்டு வருகிறேன், அண்ணி.

உங்கள் நாத்தனார்,
ஜெசி